நெத்தலிக் கழகத்தின் மரண அறிவித்தல்

டென்மார்க்கில் குடியேறிய தமிழர்களிலேயே தோல்வியை முழுநேர உத்தியோகமாகச் செய்தவர் துருக்கியார் ஒருவர்தான். நாங்களும் இடைக்கிடை தோற்றவர்கள்தான். தோற்றோம், கொஞ்சம் அழுதோம், பிறகு வங்கியில் கடன் எடுத்து வீடு வாங்கினோம். அவர் மட்டும் விடுமுறையே எடுக்காமல் தோற்றார்.

பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். அவருக்குத் துருக்கியோடு எந்த இரத்த உறவும் கிடையாது. வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த அசல் யாழ்ப்பாணத்து ஆள். எண்பதுகளில் அகதியாகப் புறப்பட்டு வரும் வழியில், ஏஜென்சிக்காரன் அவரையும் அவருடைய தம்பி ரவியையும் துருக்கியில் கருங்கடல் ஓரத்து ஊரொன்றில் இறக்கிவிட்டு, 'இதோ வருகிறேன்' என்று போனவன்தான், இன்றுவரை வரவில்லை. அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் சட்டை தோய்க்கிற ஒரு மனிதர் இவர்கள் இரண்டு பேரையும் பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்த அறையில் படுக்கவைத்துச் சாப்பாடும் கொடுத்தார். பிறகு துருக்கியார் மட்டும் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். தம்பி நல்ல பந்தாட்டக்காரன் என்பதால் அங்கேயே கழகத்தோடு நின்றுவிட்டான் என்று சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கழகம்தான் அவருக்குச் சாமி.

கழகத்தின் துருக்கிப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்கள் வாய்க்குள் நுழையாது. அந்த ஊருக்கு நெத்தலி மீனைத் தவிர வேறு பெருமை இல்லை. அதனால் அணிக்கும் அதுவே பட்டப்பெயர். மற்ற ஊர்க்காரர்கள் சிங்கம், கழுகு, புயல் என்றெல்லாம் வைத்துக்கொள்ள, இவர்கள் நெத்தலி என்று வைத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். மற்றவர்கள் இவர்களைத் தின்று ஏப்பம் விட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

டென்மார்க்கின் வைலே நகரத்தில் இறைச்சி உருண்டை பொரித்து உறையவைக்கும் தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் நாள், ஓடும் பட்டியில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். தலையில் வலைத் தொப்பி. கழுத்தில் மண்ணிறமும் வானநீலமும் கலந்த கழகச் சால்வை. சுகாதார விதிப்படி சால்வை கூடாது. மேற்பார்வை செய்த டேனிஷ்காரி கழற்றச் சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் அந்தச் சால்வைக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்திருந்தாள்.

"தங்கச்சி, நீர் புதுசோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"ஃபுட்போல் தெரியுமோ?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. அப்ப முதலிலையிருந்து சொல்லுறன்."

உண்மையாகவே முதலிலிருந்து சொன்னார். அந்த ஊர் மீனவர்களிடையே இரண்டு அணிகள் இருந்தனவாம். ஆட்டம் முடிந்ததும் துடுப்பால் அடிபடுவது வழக்கமாம். ஒருநாள் துறைமுக அதிகாரி இரண்டு பக்கத்தாரையும் உப்புக் கிட்டங்கிக்குள் வைத்துப் பூட்டி, ஒரே கழகமாகச் சேர்ந்தால்தான் திறப்பேன் என்றாராம். தாகம் தாங்காமல் சேர்ந்தார்களாம். இடைவேளைக்கு மணி அடித்தபோது கழகம் பிறந்திருந்தது. வேலை முடியும்போது அது இரண்டாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "நாளைக்கு வேற பட்டியிலை போடச் சொல்லிக் கேக்கப்போறன்" என்றேன். கேட்டேன். எனக்கு முன்பே அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். வேறு பட்டிகளில் இடமில்லை.

இப்படித்தான் உதைபந்தின் வடிவமே சரியாகத் தெரியாத நான், ஒரு துருக்கிக் கழகத்தின் வரலாற்றில் பண்டிதையானேன். அது முதலாம் பிரிவில் ஒரேயொரு வருடம் விளையாடியது எனக்குத் தெரியும். அந்த வருடம் வென்ற ஒரே ஆட்டத்தில், பனிமூட்டத்தில் எதிரணிக் கோல் காவலாளிக்குப் பந்து தெரியவில்லை என்பதும் தெரியும். வென்றது எங்கள் ஆட்களுக்கும் அடுத்தநாள்தான் தெரியவந்ததாம்.

தொழிற்சாலையில் அசல் துருக்கிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தக் கழகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். "நீயெல்லாம் ஒரு துருக்கிக்காரனோ?" என்று தமிழிலேயே ஏசிவிட்டு, அவரோடு அந்தக் கோடை முழுவதும் துருக்கியார் கதைக்கவில்லை. எங்கள் ஊர் டேனிஷ் கழகம் மேல் பிரிவுக்கு ஏறியபோது நகரமே தெருவில் நின்று பியர் குடித்தது. இவர் சன்னலைச் சாத்தினார். "வெல்லுற கழகத்துக்கு நான் என்னத்துக்கு? அதுக்குத்தான் எல்லாரும் இருக்கினமே" என்றார்.

வைலேயில் எந்தத் தமிழ் வீட்டுப் புகைப்பட அல்பத்தையும் புரட்டிப் பாருங்கள். கல்யாணமாகட்டும், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடாகட்டும், பட்டு வேட்டிக்கு மேலே மண்ணிறச் சால்வையோடு ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பார். என் மகளின் சாமத்தியவீட்டில் மைக்கைப் பிடித்து, வாழ்த்துகிறேன் என்று தொடங்கி, கழகம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய வரலாற்றில் முடித்தார். "பிள்ளை, வாழ்க்கையிலை ஏத்தம் இருக்கோ இல்லையோ, இறக்கம் நிச்சயம்" என்பதுதான் அவருடைய ஆசீர்வாதம். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, மைக்கைப் பிடுங்கும்படி எனக்கு டேனிஷில் உத்தரவிட்டாள். நான் பிடுங்கவில்லை. பிடுங்கினால் சபையை விட்டுவிட்டு எனக்கு மட்டும் சொல்லத் தொடங்குவார்.

அவருடைய கதைகளில் எல்லாருக்கும் பிடித்தது பந்து கடலில் விழுந்த கதைதான். மைதானத்தின் ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் கடல். பந்து சுவரைத் தாண்டினால் எடுத்துவர ஒரு தோணிக்காரர் சம்பளத்துக்கு இருந்தார். ஒரு மாரிகாலம், இறங்குவதா நிலைப்பதா என்று தீர்மானிக்கிற ஆட்டம். தோணிக்காரர் யாருடையதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். கழகத்திடம் இருந்ததே ஒரு பந்து. அதுவும் கடலுக்குள் போயிற்று.

"நடுவர் மணிக்கூட்டைப் பாக்கிறார். மற்றப் பகுதி பஸ்ஸுக்குப் போக வெளிக்கிடுறாங்கள். எங்கடை தலைவர் தலையிலை கைவைச்சுக்கொண்டு குந்தியிட்டார். தம்பி ஒருத்தரையும் பாக்கேல்லை. சட்டையைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் பாய்ஞ்சான்!"

"பேந்து? பிறகு?" என்று நாங்கள் கேட்போம்.

"பேந்தென்ன, அந்த வருசம் கீழை இறங்கினம்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். உடனே அடுத்த வருடத்துக்குப் போய்விடுவார். நகைச்சுவை சொல்லத் தெரிந்தவர்கள் தாங்கள் சிரிப்பதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தம்பி ரவியின் செய்தியும் கழகத்தின் செய்தியோடு வரும். ரவி கோல் போட்டான். ரவிக்கு முழங்காலில் நோவு. ரவி இப்போது சின்னப் பெடியளுக்குப் பழக்குகிறான். இதையெல்லாம் முதலில் ஊரில் இருந்த தாய்க்குத் தொலைபேசியில் சொல்வார், பிறகு எங்களுக்கு. தாய் கண்ணை மூடிய பிறகும் எங்களுக்குச் சொல்வது நிற்கவில்லை. எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் கமலாக்கா, வைலேயின் பேசும் பத்திரிகை. "உவன் ரவி ஒரு துருக்கிச்சியைக் கட்டிப்போட்டுத் தமையனைத் திரும்பியும் பாக்கிறானில்லை. தமையன் இஞ்சை தனிச்சுக் கிடந்து சாகுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். துருக்கியார் கல்யாணம் செய்யவில்லை. சொந்தமென்று டென்மார்க்கில் ஒருவரும் கிடையாது. அங்கே கழகம் இருந்தது, கழகத்தில் தம்பி இருந்தான். கழகம் மூடப்படக்கூடாது என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறு வேண்டுதலே இல்லை.

அதற்கும் ஆபத்து வந்தது. கழகத்துக்குத் தலைவராக இருக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லையாம். பொதுக்கூட்டம் கூட்டினார்கள், ஆள் வரவில்லை. மறுபடியும் கூட்டினார்கள், அப்போதும் வரவில்லை. தலைவர் இல்லாவிட்டால் கழகத்தைக் கலைத்துவிட்டு மைதானத்தில் கடைத்தொகுதி கட்டுவார்கள் என்ற செய்தி வந்த அதே வாரம், எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு கதிரைக்கு ஆறு பேர் போட்டி. மேசையில் அடித்தார்கள், யாப்பைக் கிழித்தார்கள், ஒருவருடைய அப்பாவை மற்றவர் சண்டைக்குள் இழுத்தார். துருக்கியார் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"இஞ்சை ஒரு தலைவருக்கு ஆறுபேர் அடிபடுறியள். அங்கை ஒருத்தரும் இல்லாமல் ஒரு கழகம் சாகுது. தோக்கிற அஞ்சு பேரிலை ஒராளாவது அங்கை போங்கோவன். விமான டிக்கற் நான் போடுறன்."

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கைகூப்பியபடி நின்றதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. மனிதர் பகிடி விடவில்லை.

ஒருவரும் போகவில்லை. கழகம் கலைக்கப்பட்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பீட்சாக் கடை வைத்திருக்கும் ஹசன்தான் கைபேசியில் செய்தியை வாசித்துச் சொன்னாராம். துருக்கியார் வாங்கிய தேநீரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார் என்று ஹசன் பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்து நடந்தது உலகத்தில் வேறெந்தச் சனத்துக்கும் நடந்திருக்காது. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் இணையத்தில் மரண அறிவித்தல் வரும். பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகன், யாருடைய கணவன், யாருடைய மைத்துனன் என்று உறவெல்லாம் வரிசையாக நிற்கும். வரிசையில் ஒரு சகலனின் பெயர் விடுபட்டால் குடும்பம் இரண்டாகும். துருக்கியார் கழகத்துக்கு ஓர் அறிவித்தல் போட்டார். 'கருங்கடற்கரையைப் பிறப்பிடமாகவும், மூன்றாம் பிரிவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, அன்னார் இறைவனடி சேர்ந்தார் என்று முடித்து, கீழே தன் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்திருந்தார். படம் ஒன்று வேண்டும் என்றிருக்கிறார்கள். கழகத்தின் நிறம் தெரியட்டும் என்று, சால்வையோடு தான் நிற்கும் படத்தை அனுப்பிவிட்டார்.

அறிவித்தலை நம்மில் யார் முழுக்க வாசிக்கிறோம்? படத்தைப் பார்ப்போம், முகவரியைப் பார்ப்போம், அடுப்பில் சோற்றை வைப்போம். காலையிலேயே கமலாக்கா என் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, துருக்கியார் மோசம் போயிட்டாரடி! படத்தோடை போட்டிருக்கு."

"நேற்று நிலையத்தடியிலை கண்டனானே அக்கா."

"நேற்றுக் கண்டால் இண்டைக்குச் சாகக்கூடாதோ? வெளிக்கிடு, வெளிக்கிடு."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்தேன். கமலாக்கா தேநீர்ப் போத்தலும் கண்ணீரும் கொண்டுவந்தார். துருக்கியார் வீட்டு மாடிப்படியில் ஏறும்போதே கமலாக்கா ஒப்பாரிக்குச் சுருதி சேர்த்தார். மணியை அமத்தினோம். கதவைத் திறந்தது பிரேதம்.

கமலாக்காவின் கையிலிருந்த போத்தல் படிவழியே உருண்டு கீழ்மாடிவரை போனது. துருக்கியார் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"வாங்கோ. நீங்கள் வருவியள் எண்டு தெரியும். உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."

உள்ளே உண்மையாகவே ஆட்கள் இருந்தார்கள். ஓகூஸ் நகரத்திலிருந்துகூட ஒரு குடும்பம் ரயிலேறி வந்திருந்தது. எல்லாரும் அவருடைய சவத்துக்கு வந்து, அவரையே கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகவும் முடியாது. செத்த வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாது. சாப்பாடோ அவர்களே கொண்டுவந்தது. மேசையில் அந்தச் சால்வை மடித்து வைக்கப்பட்டு, முன்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கமலாக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் செத்த வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கேட்காவிட்டால் மரியாதையில்லை. பழக்கதோஷத்தில் அவர் வாய் கேட்டுவிட்டது.

"என்ன நடந்தது அண்ணை? என்னெண்டு நடந்தது?"

துருக்கியார் தலைவர் இல்லாத கதையைச் சொன்னார். மைதானத்தை இடிக்கப்போகும் கதையைச் சொன்னார். கமலாக்கா பெருமூச்சு விட்டு, நல்ல மனதோடுதான் அடுத்ததையும் கேட்டார்.

"அப்ப உங்கடை தம்பி இனி அங்கை என்ன செய்யிறது? இஞ்சை கூப்பிட்டு வைச்சிருங்கோவன். உங்களுக்கும் ஒரு துணை."

துருக்கியார் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதையைத் தொடங்கினார். மாரிகாலம். தோணிக்காரன் கல்யாணத்துக்குப் போனது. பந்து சுவரைத் தாண்டியது. தம்பி சட்டையைக் கழற்றிப் பாய்ந்தது. ஒருவரும் 'பேந்து' என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"பந்து வந்தது. அவன் வரேல்லை. எங்கடை கடலிலை பிறந்து நீந்தினவன். அந்தக் கடல் பனிக்கட்டி மாதிரி இருக்குமெண்டு எங்களுக்கு ஆர் சொன்னது? அடுத்தநாள் விடியத்தான் கரைக்கு வந்தான். விளையாடின அத்தினை பேரும் தோளிலை காவிக்கொண்டு போய் மைதானத்துக்கு மேலை மேட்டிலை தாட்டாங்கள். பிறகு வருசாவருசம் முதல் ஆட்டத்துக்கு முன்னம் அணி முழுக்க மேலை போய் அவன்ரை கல்லறையிலை தண்ணி ஊத்திப்போட்டு வருவாங்கள். இனி ஊத்த ஆளில்லை."

"அம்மாவுக்கு...?" என்று நான் கேட்டேன்.

"அம்மாவுக்குச் சொல்லேல்லை. கேட்டால் அவவும் போயிடுவா எண்டு, கழகத்திலை நிக்கிறான் எண்டு சொன்னன். சொன்னால் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆர் வெண்டது, ஆர் கோல் போட்டது எண்டு விசாரிச்சுச் சொல்லத்தானே வேணும். அப்பிடிப் பழகினதுதான் இந்த வரலாறெல்லாம்."

"நீங்கள் ஒருக்காலும் போய்ப் பாக்கேல்லையோ அண்ணை?"

"போனால் கண்டிடுவன், தங்கச்சி. கண்டால் பேந்து பொய் சொல்லேலாது."

கமலாக்கா அழுதார். அவர் செத்த வீடுகளில் அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அந்த அழுகை இல்லை. சுருதியே இல்லாமல் அழுதார். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. இந்த மனிதர் பந்து விழுந்த கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தாரே, ஏன் ஒருநாள் எங்கள் வாயை மூடச் சொல்லவில்லை என்று கோபம். தன் தம்பியின் சாவுக்கு நாங்கள் சிரிப்பதை எத்தனை வருடம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்! அன்றைக்குக் கொண்டுபோன சோற்றை எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். ரவிக்கு அதுவரை ஒரு செத்த வீடும் நடந்திருக்கவில்லை. அது நடந்தது ஒரு கழகத்தின் பெயரில், வைலேயில், தவறான படத்தோடு.

முப்பத்தோராம் நாள் சடங்கையும் துருக்கியார் விடவில்லை. எங்களையெல்லாம் அழைத்து அவரே சமைத்தார். இலை நிறைய நெத்தலிப் பொரியல். ஹசனும் வந்து நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் கழகத்தைப்பற்றிக் கதைப்பது குறைந்துபோனது. எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டியில் பக்கத்தில் நின்று நானாக, "அண்ணை, அந்தப் பனிமூட்டத்திலை வெண்ட கதையை ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்பேன். சொல்வார். முன்போல் நீட்டமாட்டார்.

ஓய்வு எடுத்த கொஞ்சக் காலத்தில் இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். தாதி படிவத்தில் நெருங்கிய உறவு யார் என்று கேட்டபோது கழகத்தின் பெயரைச் சொன்னாராம். பாவம், அவள் எப்படி எழுதுவது என்று எழுத்துக்கூட்டச் சொல்லியிருக்கிறாள். நான் கஞ்சி கொண்டுபோன ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, என்ரை அறிவித்தலை நீர்தான் எழுதவேணும். தம்பியின்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடும். நான் இருக்கேக்கை என்னாலை அதைப் போட ஏலாமல் போச்சு."

"விசர்க்கதை கதையாதேங்கோ. நீங்கள் எழும்பி வீட்டை வருவியள்."

"கழகத்துக்கும் உப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தனான்" என்றார்.

போன மாரியில் அவர் போய்விட்டார். நான் சொன்னபடி எழுதினேன். அவருடைய சொந்தப் பெயரைப் போட்டால் ஒருவருக்கும் விளங்காது என்று அடைப்புக்குறிக்குள் 'துருக்கியார்' என்றும் போட்டேன். 'காலஞ்சென்ற ரவியின் அன்பு அண்ணனும்' என்று எழுதிவிட்டு நிறைய நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லை எழுதுவதற்குப் பயந்துதானே ஒரு மனிதர் ஒரு முழுக் கழகத்தையும் சுமந்து திரிந்தார். பிறகு உறவு வரிசை வந்தது. மனைவி இல்லை. பிள்ளைகள் இல்லை. மைத்துனர், சகலன், பேரப்பிள்ளை ஒருவரும் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. அதில் என் பெயரைப் போட்டு, 'அன்புச் சகோதரனும் ஆவார்' என்று முடித்தேன்.

இந்தமுறை கமலாக்கா அறிவித்தலை எழுத்துவிடாமல் வாசித்திருக்கிறார். விடிந்ததும் விடியாததுமாகத் தொலைபேசி அடித்தது.

"எடியே, எப்ப தொடக்கம் நீ துருக்கியாருக்குத் தங்கச்சி?"

"வேலைக்குப் போன முதல் நாளே அவர் அப்பிடித்தானே அக்கா கூப்பிட்டவர்" என்றேன்.